வியாழக்கிழமைச் சீட்டு

வியாழன் இரவு விடுதியில் சோறும் ரசமும் மட்டும்.
அதை ரசம் என்று சொல்வது
வார்டன் விமலாட்சி அக்காவின் நம்பிக்கை.

ஆகவே நாங்கள் நால்வர்,
தலைக்கு நூற்றைம்பது ரூபாய்,
கழுவியும் வாசம் போகாத ஓர் ஊறுகாய் புட்டி,
அதற்குள் கடைப்பெயர் எழுதி மடித்த சீட்டுகள்.

சட்டம் இரண்டே.
வந்த சீட்டை மாற்றக் கூடாது.
'எனக்கு இது வேணாம்' என்பவள்
ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும்.

இப்படித்தான் போன மாதம்
பாகலூர் சாலையில்
தொன்னையில் வந்த பிரியாணி பச்சையாக இருக்கிறதென்று
கல்லாவில் இருந்தவரிடம் சண்டைக்குப் போன மாதம்மாள்
அடுத்த வாரம் இரண்டு தொன்னை காலி செய்தாள்.
இப்படித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மோமோ விற்கும் பையனின் சிவப்புச் சட்னியில்
விரலை மட்டும் வைத்த நான்
ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு
'பரவால்ல, நல்லாத்தான் இருக்கு' என்று பொய் சொன்னேன்.

முனிரத்னா இருப்பதால் நாங்கள் ஏமாந்ததில்லை.
தெலுங்கில் விலை கேட்பாள்,
கன்னடத்தில் குறைப்பாள்,
குறையவில்லையென்றால் தமிழ்.
ஒசூரில் பிறந்தவளுக்கு
மூன்று நாக்கு, ஒரு வயிறு.

நேற்றைய சீட்டை நான்தான் எடுத்தேன்.
எழுத்தே இல்லை.
பால்பாயிண்ட் பேனாவில் ஒரு வட்டம்,
அதை நிரப்பிய பழுப்பு கலர் பென்சில்.

'போண்டாவா?'
'ரவா லட்டு?'
சலோமி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.
குந்தியிலிருந்து வந்து ஏழு மாதம்.
தமிழில் எண்கள் தெரியும், 'லேட்' தெரியும்,
'சாப்டாச்சா' தெரியும்.
ஷிப்ட் பஸ் சிக்னலில் நிற்கும்போதெல்லாம்
ஜன்னலில் பார்த்த கடையாம்.
பெயர் படிக்கத் தெரியாததால் வரைந்திருக்கிறாள்.

ஜூஜூவாடி பக்கம்
லாரி ஒர்க்‌ஷாப்புக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில்
நாலு பெஞ்சு, ஒரு மஞ்சள் பல்பு.
உள்ளே ஒரு பெண் ஈரக் கையால்
உருட்டி உருட்டித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

களி.

மாதம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கவே இல்லை.
'அரூர்ல இருந்து இத்தன தூரம் வந்ததே
இதத் திங்கக் கூடாதுன்னுதான்.
ஒரு உருண்ட நாப்பது ரூபாயா?
எங்கம்மா கேட்டா நெஞ்ச புடிச்சிக்கும்.'
ஆட்டோக்காரருக்கு நூற்றிருபதை எண்ணிக் கொடுத்து
எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தாள்,
பன் வாங்கினாள்,
முதுகைக் காட்டிக்கொண்டு தின்றாள்.

நாட்டுக்கோழிச் சாறு ஆவியோடு வந்தது.
சலோமி உருண்டையைப் பிய்த்தாள்,
வாயில் போட்டாள்,
மென்றாள்.
மென்றுகொண்டே இருந்தாள்.
பல்லில் ஒட்டி, அண்ணத்தில் ஒட்டி,
கண் கலங்க எங்களைப் பார்த்தாள்.

கடைக்காரப் பெண் கரண்டியோடு ஓடி வந்தாள்.
'ஐயோ மெல்லாத பாப்பா! முழுங்கு!
சாறுல தோச்சி, அப்டியே உள்ள வுடு!'
முனிரத்னா அதை இந்தியில் சொல்லப் போய்
என்ன சொன்னாளோ,
லாரிக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்த இருவர்
சிரிப்பில் கீழே உட்கார்ந்துவிட்டார்கள்.

இரண்டாம் வாய் வழுக்கிக்கொண்டு போனது.
சலோமி தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள்,
போய்ச் சேர்ந்ததா என்று.
'மடுவா' என்றாள், மாவைக் காட்டி.
அவள் ஊரில் ரொட்டியாம்.
வேறெதுவும் சொல்லவில்லை.
இன்னோர் உருண்டை கேட்டாள்.

ஒன்பதரைக்கு கேட் பூட்டிவிடுவார்கள்.
மீந்த காசு ஆட்டோவுக்குக் காணாமல்
ஓட்டமும் நடையுமாகத் திரும்பினோம்.
சாலை முழுக்க வறுத்த பூண்டு, டீசல், சாக்கடை,
எங்கோ கருகும் முட்டை.

பாலம் தாண்டும்போது மாதம்மாள்
யாரையும் பார்க்காமல் கேட்டாள்:
'சாறு எப்பிடி?'
'உப்பு கொஞ்சம் கம்மி.'
'அதான பாத்தேன்' என்றாள்.

காலை ஆறு மணி.
தலைக்கு உறை, வாய்க்கு உறை, கைக்கு நீல உறை.
கண்ணாடிக்கடியில்
கடுகைவிடச் சின்ன திருகாணி ஒவ்வொன்றாய்
சரி, சரி, சரி, தள்ளு.
தூசி ஒன்றுகூட நுழையாத அறை இது.
எத்தனை சோப்பு போட்டும்
உறைக்குள் என் விரல்கள் மட்டும்
இன்னும் ஜூஜூவாடியில்.